எட்டு மணி நேரம் நின்றது உடலியக்கக் கணக்கில் சேருமா? ஒரு சுகாதார நிலையம், நான்கு பணியாளர்கள், ஒரு வாரம்

நிகழ்வு

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கள சுகாதாரப் பணியாளர் என நால்வர். நால்வரிடமும் உலக சுகாதார நிறுவனத்தின் உலகளாவிய உடலியக்க வினாத்தாள் (சுருக்கமாக ஜிபாக்) கொடுக்கப்படுகிறது. கூட்டிப் பார்த்தால் நால்வருமே "போதிய உடலியக்கம் உள்ளவர்கள்". அதே நால்வரிடம் அதே வாரத்தைப் பற்றிப் பிரித்துப் பிரித்துக் கேட்டு, கணக்கைத் திரும்பப் போட்டால் தேறுவது ஒரே ஒருவர்.

இந்த நால்வரும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட மாதிரி மனிதர்கள். அவர்கள் பெயரில் வரும் நிமிடங்களும் அப்படியே. ஆனால் அவர்கள் செய்யும் தவறுகள், சுகாதாரப் பணியாளர்களிடம் இந்த வினாத்தாளைக் கொண்டுபோகும் எவரும் முதல் நாளே சந்திப்பவை.

அளவுகோல்

2020-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின்படி வயதுவந்தவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் வேண்டும். கடுமையான இயக்கமானால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெருந்தசைகளுக்கு வலுப்பயிற்சி. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்ற 2010-ஆம் ஆண்டு நிபந்தனை இதில் கைவிடப்பட்டது. வினாத்தாளின் பல பதிப்புகளிலோ "தொடர்ந்து 10 நிமிடம்" என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. இந்த முரண் பின்னால் வேலை காட்டும்.

ஜிபாக்கில் 16 கேள்விகள். வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்று பகுதிகள். கடைசிக் கேள்வி உட்கார்ந்திருக்கும் நேரம் பற்றியது. மிதமான இயக்கத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 4, கடுமையானதற்கு 8, போக்குவரத்துக்கான நடைக்கும் சைக்கிளுக்கும் 4 என்று பெருக்க வேண்டும். வருவது மெட்-நிமிடம். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல். கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். வாரத்துக்கு 600 மெட்-நிமிடம் எட்டினால் "போதிய இயக்கம்". 150-ஐ 4-ஆல் பெருக்கினாலும், 75-ஐ 8-ஆல் பெருக்கினாலும் அதே 600 வரும்.

வலுப்பயிற்சி பற்றி இந்தப் பதினாறில் ஒரு கேள்விகூட இல்லை. வழிகாட்டுதலின் பாதி கேட்கப்படாமலே போகிறது. தனியாக ஒரு கேள்வி சேர்க்காமல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து "வழிகாட்டுதலை நிறைவேற்றுகிறார்கள்" என்று எழுதக் கூடாது.

செவிலியர்: 8,640 எப்படி 480 ஆனது

வயது 38, வாரம் ஆறு நாள் பணி, எட்டு மணி நேர ஷிப்ட். "வேலையில் மிதமான இயக்கம் உண்டா?" என்றதும் யோசிக்காமல் சொல்கிறார்: "உண்டு. தினமும் ஆறு மணி நேரம். உட்காரவே நேரம் கிடையாது." ஆறு மணி நேரம் என்றால் 360 நிமிடம், ஆறு நாளுக்கு 2,160, 4-ஆல் பெருக்கினால் 8,640. தேவையைப் போல் பதினான்கு மடங்குக்கும் மேல்.

அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி இயக்கத்தைப் பற்றியது. அவர் பதில் சொன்னது அலுப்பைப் பற்றி. ஜிபாக்கின்படி மிதமான இயக்கம் என்றால் மூச்சும் இதயத்துடிப்பும் சற்றே கூட வேண்டும். பேச முடியும், பாட முடியாது: அதுதான் எளிய சோதனை. ஊசி போடுகிறவர், பி.பி. பார்க்கிறவர், பதிவேடு எழுதுகிறவர் அந்த நேரத்தில் பாடலாம், மனம்தான் வராது.

எனவே கேள்வியைக் கேட்பதற்கு முன் ஷிப்டை மணிக்கணக்கில் பிரிக்கச் சொல்ல வேண்டும். வந்ததும் என்ன செய்தீர்கள்? புறநோயாளிப் பிரிவில் நின்றீர்களா, உட்கார்ந்தீர்களா? எந்த வேலையில் மூச்சு வாங்கியது? அப்படிக் கேட்டால், நோயாளியைக் கட்டிலிலிருந்து மாற்றியது, மருந்துப் பெட்டிகளைத் தூக்கியது, மாடிக்கு விரைந்து போய் வந்தது எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 நிமிடம் வருகிறது. 20 × 6 × 4 = 480. அதிலும் எந்தத் துண்டும் தொடர்ந்து 10 நிமிடம் நீடிக்கவில்லை. பழைய நிபந்தனையை வைத்தால் விடை பூஜ்யம். வண்டியில் வந்து போகிறார். ஓய்வுநேர இயக்கம் இல்லை.

8,640, 480, 0 மூன்றும் ஒரே பெண்ணின் ஒரே வாரம். ஒரு துறையே "சுறுசுறுப்பானது" என்று அறிக்கை எழுதப்படுவதும், "மந்தமானது" என்று எழுதப்படுவதும் இந்த இடைவெளிக்குள்தான்.

மருந்தாளுநர், கள சுகாதாரப் பணியாளர், மருத்துவர்

மருந்தாளுநர் மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் நிற்கிறார். முதல் பதில்: 300 × 6 × 4 = 7,200. அசையாமல் நிற்பது உட்காருவதைவிடச் சிறிதளவே கூடுதல் ஆற்றல் கேட்கும். 3 மெட் என்ற மிதமான எல்லையின் பக்கத்தில்கூட வராது. அதனால் வேலைப் பகுதி முழுவதும் அடிபடுகிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் போக 8 நிமிடம், வர 8 நிமிடம் நடப்பதுதான் மிச்சம்: 16 × 6 × 4 = 384. இதையும் 10 நிமிட நிபந்தனை விழுங்கிவிடும். காலில் வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்புவலி ஆகியவை மட்டும் கணக்குப் பார்க்காமல் வந்து சேரும்.

கள சுகாதாரப் பணியாளரின் கணக்கில் இரட்டைப் பதிவு நடக்கிறது. "வேலையில் நடப்பீர்களா?" "ஆமாம், இரண்டரை மணி நேரம்." அடுத்த பகுதியில், "ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக நடப்பீர்களா?" "ஆமாம், இரண்டரை மணி நேரம்." ஐந்து நாளுக்கு 3,000-மும் 3,000-மும் சேர்ந்து 6,000. நடந்ததோ ஒரே நடை. இதற்கு விதி எளிது: பணிக்குப் போகும், திரும்பும் நடை போக்குவரத்தில், பணியின் உள்ளே நடப்பது வேலையில். அதோடு அந்த இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி வாசலில் நின்று பேசுவது. பகுதிக்குப் போக 20, திரும்ப 20 நிமிடம். இடையில் பதினைந்து வீடுகளுக்கு வீட்டுக்கு 3 நிமிடமாக 45. ஆக நாளுக்கு 85, ஐந்து நாளுக்கு 425, மெட்-நிமிடம் 1,700. பழைய நிபந்தனைப்படி நீண்ட நடைகளை மட்டும் எடுத்தால் 800. இரண்டு வழியிலும் இவர் தேறுகிறார்.

இதே 425 நிமிடத்தை ஐபாக் என்ற மற்றொரு சர்வதேச வினாத்தாளில் போட்டால், அங்கே நடைக்கு 3.3 என்பதால் 1,402 சொச்சம் வரும். இரண்டு வினாத்தாள்களின் எண்களை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது கிலோவையும் பவுண்டையும் கூட்டுவது போன்றது. ஐபாக்கில் இன்னொரு வேறுபாடும் உண்டு. நடை, மிதம், கடுமை ஒவ்வொன்றிலும் நாளுக்கு 180 நிமிடத்துக்கு மேல் சொன்னால் 180-ஆக வெட்டிவிட வேண்டும். ஜிபாக்கில் அந்த வெட்டு இல்லை. ஒரு பகுதியில் நாளுக்கு 16 மணி நேரத்தைத் தாண்டினால்தான் பதிவு தள்ளப்படும். செவிலியரின் ஆறு மணி நேரம் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே நுழைந்தது இதனால்தான்.

மருத்துவர் சொல்வது ஒழுங்கான விடை: தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் நடைப்பயிற்சி. 150 × 4 = 600. கோட்டை மிகச் சரியாகத் தொடும் விடையைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். நோயாளிகளுக்கு நாள்தோறும் சொல்லும் அறிவுரையையே அவர் தன் வாரமாகச் சொல்லிவிட்டார். சரியான விடை எது என்று தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் இந்தக் கணக்கெடுப்பின் தனிச் சிக்கல். ஜிபாக் "வழக்கமான வாரம்" என்று கேட்கிறது, அதை அப்படியே பதிவு செய்துகொண்டு, "கடந்த ஏழு நாளில் எந்தெந்த நாள்?" என்று துணைக்கேள்வி போட வேண்டும். இங்கே கிடைப்பது இரண்டு நாள்: 60 × 4 = 240.

வேலையே உடற்பயிற்சி என்ற எண்ணம்

அந்த எண்ணத்துக்கு மதிப்பான வரலாறு உண்டு. 1953-இல் ஜெர்ரி மோரிஸும் உடன் ஆய்வாளர்களும் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து, நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட மாடிப் பேருந்தில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு என்று வெளியிட்டார்கள். உடலியக்க ஆய்வுத் துறையே அங்கிருந்து வளர்ந்தது எனலாம். பலர் நினைவில் வைக்காதது அதன் பின்கதை. 1956-இல் அதே குழு சீருடை அளவுப் பதிவேடுகளைப் பார்த்தது. ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு ஆரம்பத்திலேயே கூடுதலாக இருந்தது. வேலை ஆளை மாற்றியதா, ஆளுக்கேற்ற வேலை அமைந்ததா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

சுகாதார நிலையத்துக்கும் அது பொருந்தும். முழங்கால் வலி வந்த செவிலியர் களப்பணியிலிருந்து பதிவு மேசைக்கு மாற்றப்படுகிறார். பிறகு ஒருவர் வந்து அளந்து, "மேசைப் பணியாளர்களுக்கு மூட்டுவலி அதிகம், காரணம் உட்கார்ந்திருப்பது" என்று எழுதுகிறார். ஒரே நேரத்தில் எடுக்கும் குறுக்குவெட்டு ஆய்வால் இதைப் பிரித்தறிய முடியாது. பணி மாறிய தேதி, மாறியதற்கான காரணம் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் பாதி மயக்கம் தீரும்.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் ஒரு படி போகின்றன. ஓய்வுநேர இயக்கம் இதயத்துக்கு நல்லது. வேலைத்தல உடலுழைப்பு அதே நன்மையைத் தருவதாகத் தெரியவில்லை. 2018-இல் வெளியான தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசுவது) ஒன்றில், வேலையில் மிகுந்த உடலுழைப்பு உள்ள ஆண்களிடம் அகால மரண அபாயம் 18% கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அப்படி ஓர் உயர்வு தெரியவில்லை. சுகாதாரத் துறைப் பணியாளர்களில் உலகளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்பதால், அந்த 18 விழுக்காட்டை எடுத்து இவர்கள் தலையில் ஒட்டுவது தவறு. ஆனால் அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் கவனிக்கத் தக்கவை. வேலையின் இயக்கம் இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை, ஆனால் மணிக்கணக்கில் நீள்கிறது. நாள் முழுதும் இதயத்துடிப்பு சற்று உயர்ந்தே நிற்கிறது. தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. வேண்டும்போது நிறுத்தி இளைப்பாறும் உரிமை வேலை செய்பவர் கையில் இல்லை.

ஆகவே மூன்று பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக அறிக்கையில் போடுவதை நாங்கள் ஏற்பதில்லை. வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் தனித்தனியாக வர வேண்டும். ஓய்வுநேர இயக்கமே இல்லாதவர் எத்தனை பேர் என்பதும் தனியாக. நமது நால்வரில் அந்த எண்ணிக்கை மூன்று. கூட்டுத்தொகை அதை மறைத்துவிட்டது.

கருவி கொண்டு அளந்தால்

உடலின் அசைவை அளக்கும் முடுக்கமானியை வலது இடுப்பில் எலாஸ்டிக் பட்டையால் கட்டி ஏழு நாள் அணிய வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றலாம். நாளுக்கு 10 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் அது செல்லுபடியாகும் நாள். அப்படி நான்கு நாளாவது வேண்டும். வழக்கமாக அதில் ஒன்று வார இறுதி நாளாக இருக்கச் சொல்வார்கள். ஷிப்ட் பணியாளருக்கு வார இறுதி என்பது பொருளற்றது. விடுப்பு நாள் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நைட் டியூட்டியில் இருப்பவரின் நாளை நள்ளிரவு 12 மணிக்கு வெட்டினால் ஒரே ஷிப்ட் இரண்டு நாளாகப் பிளந்துபோகும். விழித்த நேரத்திலிருந்து அடுத்து விழிக்கும் நேரம்வரை ஒரு நாள் என்று கொள்ள வேண்டும். இதற்காகவே குறிப்புத்தாள் ஒன்று கட்டாயம்: டியூட்டி தொடங்கியது, முடிந்தது, தூங்கியது, விழித்தது, கழற்றியது. அது இல்லாமல் வேலைநேர இயக்கத்தையும் மற்றதையும் பிரிக்கவே முடியாது.

மணிக்கட்டுக் கருவி வசதிதான். ஆனால் டிரெஸ்ஸிங் அறையிலும் பிரசவ அறையிலும் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது என்ற தொற்றுத் தடுப்பு விதி இருக்கும் இடங்களில் அது நடக்காது. அணியச் சொன்னால் பாதி ஷிப்ட் சட்டைப்பையில்தான் இருக்கும். கைபேசியின் அடி எண்ணிக்கையை நம்புவது இன்னும் மோசம்: கைபேசி மேசையில் கிடக்கிறது, நடப்பது ஆள்.

கருவிக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. ஆக்டிகிராஃப் வகை முடுக்கமானி அசைவை "எண்ணிக்கை" என்ற தன் அலகில் பதியும். அது நிமிடத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால் "அமர்வு" என்று கொள்வது வழக்கம். அசையாமல் நிற்கும் மருந்தாளுநரும் 100-க்குக் கீழேதான் வருவார். ஐந்து மணி நேரம் நின்றவர் அட்டவணையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர் ஆவார். நிற்பதையும் உட்காருவதையும் பிரிக்கத் தொடையில் ஒட்டும் கருவி வேண்டும். எடை தூக்குவதை இடுப்புக் கருவி ஏறக்குறைய உணராது. இருசக்கர வண்டியின் அதிர்வு அடிகளாகப் பதிவாகலாம்.

மிதமான இயக்கம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 1998-இல் வெளியான ஆய்வின் எல்லை நிமிடத்துக்கு 1,952 எண்ணிக்கை. 2008-இல் வெளியான ஆய்வின் எல்லை 2,020. இரண்டும் செங்குத்து அச்சுக்கானவை, அதாவது மேல்-கீழ் அசைவுக்கானவை. மூன்று அச்சுகளையும் இணைத்துக் கணக்கிடும் திசையன் அளவுக்கு எல்லை 2,690. மூன்றச்சுத் தரவின் மீது 1,952-ஐப் போட்டுவிட்டு "செவிலியர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மிதமான இயக்கம்" என்று மகிழ்வது அடிக்கடி நடக்கும் விபத்து. எந்த அச்சு, எந்த எல்லை என்று எழுதாத அறிக்கையை நம்ப வேண்டியதில்லை.

முடுக்கமானிக்குப் பணம் இல்லையென்றால் நிமிடவாரியாக அடிகளைச் சேமிக்கும் எளிய கருவி போதும். நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான நடையின் தோராயமான தொடக்கம். நமது செவிலியர் ஷிப்டில் 7,200 அடி வைக்கிறார் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் நிமிடத்துக்கு 15. மொத்த அடிகள் நன்றாகத் தோன்றும்; 100-ஐத் தாண்டிய நிமிடங்களை எண்ணினால்தான் உண்மை தெரியும். 10,000 அடி என்ற புகழ்பெற்ற இலக்கு 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடியளவியின் பெயரிலிருந்து வந்தது. 2022-இன் தொகுப்பாய்வின்படி, 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மரண அபாயம் குறைவது 8,000 முதல் 10,000 அடிகளிலும், மூத்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும் சமநிலை அடைகிறது.

முதல் நாள் தரவை விட்டுவிடுங்கள். கருவி கட்டிய புதிதில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே நடப்பார்கள்.

எத்தனை பேர், யார் கேட்பது

போதிய இயக்கம் உள்ளவர்களின் விகிதம் தெரியாதபோது 50% என்று வைத்து, 5% பிழை எல்லையில் 384 பேர் என்பது பாடப்புத்தக விடை. ஒரு வட்டாரத்தில் மொத்தமே 120 பணியாளர்கள் இருந்தால் அது சிரிப்புக்குரியது. வரம்புள்ள மக்கள்தொகைத் திருத்தம் போட வேண்டும்: 384-ஐ (1 + 383/120) ஆல் வகுத்தால் 92. மீதி 28 பேர்தானே, எல்லோரையும் கேட்டுவிடுவது உத்தமம். விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் அதிக வேலைப்பளு உள்ளவர்கள். அவர்களே நமக்கு வேண்டியவர்கள்.

கேட்பவர் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. "எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்?" என்று மேலதிகாரி கேட்டால் அது வேலையைப் பற்றிய விசாரணையாகத்தான் காதில் விழும். சிறிய நிலையத்தில் மருந்தாளுநர் ஒருவர்தான். "மருந்தாளுநர், ஆண், 40-49" என்று அட்டவணையில் போட்டாலே ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை அடுத்த கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

மெட்-நிமிடங்களுக்குச் சராசரி போடாதீர்கள். ஒருவரின் 8,640 பத்துப் பேரின் பூஜ்யத்தை 785 ஆக்கிவிடும். இடைநிலை மதிப்பும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கால்மான வீச்சும் (நடுப் பாதியினர் பரவியிருக்கும் அளவு) போதும். தூக்கம், அமர்வு, இயக்கம் மூன்றும் கூடி 24 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். எத்தனை பேர் 27 மணி நேர நாள் வாழ்கிறார்கள் என்று தெரியவரும்.

என்ன செய்யலாம்

நால்வருக்கும் ஒரே அறிவுரை செல்லாது. செவிலியரிடம் "இன்னும் நடங்கள்" என்பது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது உட்கார்ந்து கால் நீட்ட ஷிப்டுக்குள் இரண்டு இடைவேளை. அதன் பிறகு வாரம் இரண்டு நாள், நாளுக்கு 20 நிமிடம் வலுப்பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவர் ஊன்றித் தள்ளுதல், குதிகால் உயர்த்துதல், மல்லாந்து இடுப்பை உயர்த்துதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. நைட் டியூட்டி முடிந்த காலையில் வேண்டாம், முதலில் தூக்கம். நோயாளியைத் தூக்கும் முதுகுக்கு இது நேரடியாக உதவும்.

மருந்தாளுநருக்கு ஜன்னல் உயரத்துக்கு ஏற்ற உயர் ஸ்டூல், ஒரு காலை மாற்றி வைக்க 10 முதல் 15 செ.மீ. உயரப் பலகை. அவரது பேருந்து நடையை 8 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினால், அதாவது ஒரு நிறுத்தம் முன்பே இறங்கினால், 30 × 6 × 4 = 720. எல்லையைத் தாண்டிவிடுகிறார். நால்வரில் மிக மலிவான தீர்வு இவருடையது.

மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் எழுந்து வாசல்வரை போய் அழைக்கலாம். போக வர 12 மீட்டர், 60 நோயாளிகள் என்றால் 720 மீட்டர், ஏறக்குறைய ஆயிரம் அடி. இது 150 நிமிடக் கணக்கில் சேராது. உட்காருவதை உடைக்க மட்டும் உதவும். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதன் அபாயத்தை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிட மிதமான இயக்கம் வேண்டும் என்று 2016-இன் பெரிய தொகுப்பாய்வு கண்டது. அவ்வளவுக்கு யாரிடம் நேரம் இருக்கிறது? உட்காருவதைக் குறைப்பதே கைக்கெட்டும் வழி. களப்பணியாளருக்குத் தேவை நடை அல்ல, நல்ல காலணியும் இரு தோளிலும் மாட்டும் பையும்.

தோற்றுப்போவது எது என்பதும் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. சுவரொட்டி: அறியாதவர்களுக்கானது, இவர்கள் அறிந்தவர்கள். அடி எண்ணும் போட்டி: களப்பணியாளர் முதல் வாரமே வெல்வார், மற்றவர்கள் இரண்டாம் வாரம் விலகுவார்கள், ஒருவர் கருவியைக் கையில் வைத்துக் குலுக்குவார். பணிநேரத்துக்குப் பிறகு வகுப்பு: வீட்டில் இரண்டாவது ஷிப்ட் காத்திருக்கும் பெண்கள் வரமாட்டார்கள். பணிநேரத்துக்குள்ளேயே 15 நிமிடம் ஒதுக்கினால்கூட, அந்த நேரத்தில் ஜன்னலில் யார் என்ற கேள்விக்குப் பெயர் போட்ட மாற்றுப் பட்டியல் இல்லையென்றால் மூன்றாம் நாளே அது நின்றுபோகும். ஒரு வாரம் மணிவாரியாக நோயாளிகளை எண்ணி, கூட்டம் தணியும் நேரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளக்கும்போது செவிலியர் முதல் அளவீட்டில் எந்த டியூட்டியில் இருந்தாரோ அதே டியூட்டி வாரத்தில் அளக்க வேண்டும். முதலில் பகல், பிறகு நைட் என்றால், வரும் வேறுபாடு ஷிப்டினுடையது. பயிற்சியினுடையதா என்பது தெரியாது.